கிளம்புமுன் ஒரு வாய்த் தண்ணீர்

சான் ரமோன் ஆபீஸ் வளாகத்தில் வசந்தாமணியின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் சொல்லும் "இது போகாது" என்ற சொல்லுக்கு ஆளாகாத புரோகிராமர் அங்கே யாரும் இல்லை. எழுதி முடித்த மென்பொருள் வாடிக்கையாளரிடம் போகுமுன் அதைப் போட்டுப் புரட்டி, அது எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்பாள். குரலை உயர்த்த மாட்டாள், மன்னிப்பும் கேட்க மாட்டாள். "இது போகாது" என்று ஒரு மெயில், கீழே உடைந்த இடத்தின் படம். மேனேஜர்கள் வரிசையாக வந்து நின்று கெஞ்சினாலும் அம்மாள் அசைய மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஒரு வருஷம் இருந்தாள். எனக்கு அவள்மேல் உள்ள ஒரே கோபம் அதுதான். அந்த வருஷம் எப்படி முடிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

காங்கயத்துக்காரி. மழைக்கே அண்ணாந்து பார்க்கிற ஊர், பனிக்கட்டி என்றால் சர்பத் கடையில்தான். கணவர் ஜெயபிரகாஷோடு கலிபோர்னியா வந்து, மகள் வான்மதி பிறந்து, சான் ரமோனுக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் வீடு வாங்கி, எட்டு வருஷம் கழித்து 2002-இல்தான் டாஹோ ஏரியின் பனிமலைப் பக்கம் முதல்முறை போனார்கள். மற்றவர்கள் பிளாஸ்டிக் பலகையில் சறுக்கி விளையாடினார்கள். இவள் மட்டும் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பனி அள்ளும் வண்டி வெட்டிவிட்டுப் போன இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. அதில் கோடு கோடாக அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு புயல். ஓர் அடுக்கில் விரல் நுழையவில்லை. அதற்குக் கீழே இருந்தது வறுத்த ரவை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. இத்தனை எடை மேலே உட்கார்ந்திருக்க, அடியில் இப்படி ஒட்டாத ரவை இருந்தால் என்ன ஆகும் என்று அவள் அங்கேயே யோசித்தாள். தொழில் புத்தி எங்கே போகும்?

2005 ஜனவரியில் மூன்று நாள் பனிச்சரிவுப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நின்றாள். வகுப்பில் இருபது பேர், எல்லாரும் மலையில் சறுக்கியே வளர்ந்த பையன்கள். நாற்பத்தோரு வயதில் தலையில் குரங்குக் குல்லாயோடு போய் உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான். கேள்வி கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுத்தவரைக் களைக்க வைத்ததும் இவள்தான். மண்வெட்டி, பனியை அறுக்கும் ரம்பம், சரிவின் சாய்வை அளக்கும் கருவி, புதைந்தவர்களைத் தேடும் நீளக் கம்பி எல்லாம் வாங்கினாள். பனிக்குள் புதைந்தால் சிக்னல் அனுப்பும் பீக்கன் மூன்று வாங்கினாள், வீட்டுக்கு ஆளுக்கொன்று. காங்கயத்தில் கிணறு வெட்டுகிற குடும்பத்தில் பெண் எடுத்திருந்தால்கூட வீட்டில் இத்தனை மண்வெட்டி சேர்ந்திருக்காது என்று ஜெயபிரகாஷ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் அவள் பனியைச் சோதிக்கக் குழி வெட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதும் அவர்தான்.

இனி கோபாலசாமி அண்ணன். தாராபுரத்துக்காரர், டப்ளினில் சொந்தமாக ஆலோசனைக் கம்பெனி வைத்திருந்தார். ஜெயபிரகாஷுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர். வான்மதி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியவர் அவர், பத்தியச் சோறு கொண்டுவந்தவர் அவர் மனைவி காமாக்ஷி. சனிக்கிழமை தோறும் நடக்கப் போகும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். தேர்தலெல்லாம் கிடையாது. அவர் முன்னால் நடப்பார், மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள். வெயில் காலத்தில் டயாப்ளோ மலை, குளிர்காலத்தில் பனியில் கால் புதையாத அகலப் பாதணியான ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு சியரா மலை. வசந்தாமணிக்கு அமெரிக்காவில் பிறந்த வீடு என்று சொல்ல இருந்தது அந்தக் கூட்டம் ஒன்றுதான்.

2006 பிப்ரவரியில் அது நடந்தது. கார்சன் கணவாயில் காரை நிறுத்தி, எல்லாரும் ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு தயாரானார்கள். பயிற்சியில் ஒரு வழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிளம்புமுன் வட்டமாக நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த இடத்துக்குப் போகக் கூடாது. வசந்தாமணி அந்தக் கேள்வியை அப்படியே தமிழில் கேட்டுவிட்டாள்.

"இன்னைக்கு நம்மள எது கொல்லும்?"

காமாக்ஷி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கே போகிறாய் என்று கேட்டாலே சகுனத் தடை என்று நினைக்கிறவர்கள். போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் பழகியவர்கள். அவர்களிடம் போய் வாசல்படியிலேயே சாவைப் பற்றிக் கேட்டால்? கோபாலசாமி கோபப்படவில்லை. தோளைத் தட்டி, கிளம்பும்போது நல்ல வார்த்தை பேசு அம்மிணி என்று மட்டும் சொன்னார். அந்த அன்புதான் அவள் வாயை அடைத்தது. அதட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து அவள் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, தனக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஆபீஸில் ஓர் எழுத்துப் பிழைக்கு ரிலீஸை நிறுத்துகிறவள்!

அடுத்த வருஷம் மார்ச்சில் கோபாலசாமிக்கு அறுபது முடிகிறது. லிவர்மோர் கோயிலில் மணிவிழா. அதற்குமுன் கார்சன் கணவாய்க்கு மேலே உள்ள ஒரு முகட்டில் ஏறி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதன் உச்சியில் மூன்று பாறைகள் அடுப்பு கூட்டின மாதிரி இருக்கும். கூட்டத்தில் அதற்கு அடுப்புக்கல் என்றே பெயர். இந்த வருஷம் விட்டால் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் ஆகாது என்று யாரும் கேட்கவில்லை. அறுபது வயதுக்காரரின் ஆசை என்று விட்டுவிட்டார்கள்.

2007 ஜனவரியில் மலையில் புதுப்பனியே இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது, இரவெல்லாம் கடுங்குளிர். வசந்தாமணி சமையல் மேடையில் லாப்டாப்பை வைத்து வானிலையைக் குறித்துக்கொண்டே வந்தாள். அப்படிக் கிடக்கிற பழைய பனியின் மேற்பரப்பு ரவையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிப்ரவரியில் அடுத்தடுத்துப் புயல் வந்து அதன்மேல் மூன்றடி புதுப்பனியைக் கொட்டியது. கூடவே தென்மேற்குக் காற்று. அந்தக் காற்று முகட்டைத் தாண்டி வடகிழக்குச் சரிவில்தான் பனியைக் கொண்டுபோய்க் குவிக்கும். அடுப்புக்கல்லுக்கு ஏறும் வழி அந்தச் சரிவுதான்.

சனிக்கிழமை காலை எட்டுப் பேர் வந்தார்கள். கோபாலசாமியும் காமாக்ஷியும், இவர்கள் மூன்று பேர், பக்கத்துத் தெரு சுவாமிநாதன், அவர் மனைவி, மச்சான். வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. புளியோதரை வாசனையோடு எல்லாரும் சிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். வசந்தாமணி வாயைத் திறக்கவில்லை. காலையில் படித்த பனிச்சரிவு அறிக்கை நல்லதாக இல்லை என்று ஜெயபிரகாஷிடம் மட்டும் சொன்னாள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தார்கள். கோபாலசாமி முன்னால், அவர் பின்னாலேயே வான்மதி. அண்ணன் வழக்கத்தைவிட வேகமாகப் போனார், ஆனால் வலது காலைக் கொஞ்சம் வெளியே வீசி வைத்தார். நடுவில் நின்று ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டார். வைட்டமின் என்றார்.

மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் காலுக்கடியில் தொம்மென்று ஒரு சத்தம். மாடியில் அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி. தரை ஒரு விரற்கடை இறங்கியது. கோபாலசாமியின் காலடியிலிருந்து ஒரு விரிசல் பனியில் பத்தடி தூரம் ஓடி நின்றது. சுவாமிநாதன், பூமி வழி விடுகிறது என்று சிரித்தார். வசந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அடியில் இருக்கும் ரவை அமுங்கிய சத்தம் அது. மேலே முப்பத்தாறு டிகிரியில், பனி பெயர்ந்து ஓடத் தோதான சாய்வில், அந்தச் சரிவு நிற்கிறது. எட்டுப் பேருக்கு மூன்று பீக்கன். அவள் மகள் வரிசையில் இரண்டாவது ஆள்.

"நில்லுங்க" என்றாள். பத்து நிமிஷம் கேட்டாள். அவள் குழி வெட்டுவது எல்லாருக்கும் பழகிய வேடிக்கைதான், அதனால் நின்றார்கள். பெரிய சரிவு திரும்பியிருக்கும் அதே திசையில் பக்கத்தில் ஆபத்தில்லாத ஒரு சின்ன மேடு இருந்தது. அதில் இடுப்பளவு ஆழம் வெட்டினாள். குழியின் சுவரில் ரம்பத்தால் ஒரு தூண் அறுத்தாள், ஒரு அடி அகலம், ஒரு அடி கனம். அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டினாள். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, பிறகு தோளிலிருந்து பத்து. கெட்டியான பனி முப்பதும் தாங்கும். இது மணிக்கட்டுத் தட்டிலேயே, நாலாவதில், மேசை இழுப்பறை திறக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. அடியில் இருந்த ரவை கையுறையில் ஒட்டாமல் உருண்டது.

அவளுக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. பயம் இருந்தது, பனியைப் பற்றியல்ல. திரும்பி அந்த ஏழு முகங்களைப் பார்த்தாள். இவர்களும் இல்லையென்றால் சனிக்கிழமை யாரோடு பேசுவாள்?

"அண்ணா, இது போகாது" என்றாள்.

கோபாலசாமி முகட்டைப் பார்த்தார். பாறைகள் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன.

"கெளம்பியாச்சு அம்மிணி. மணிவிழா வருஷத்துல பாதி வழியில திரும்பறது நல்லதில்ல. நான் முன்னால போறேன், ஒண்ணும் ஆகாது. நீங்க பின்னால வாங்க."

சுவாமிநாதன் தன் ஸ்னோஷூ வாரைச் சரி செய்தார், சரியாக இருந்த வாரை. காமாக்ஷி அக்காவின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கணவர் கிளம்பும்போது தடுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. வசந்தாமணிக்குப் புரிந்தது. இவர்கள் யாரும் அந்தச் சரிவை நம்பவில்லை. திரும்புவதற்குத்தான் பயப்படுகிறார்கள். பனியைப் பற்றி இன்னும் ஒரு மணி நேரம் விளக்கினாலும் அந்தப் பயம் போகாது.

அப்போதுதான் அவளுக்கு வீட்டு வழக்கம் ஞாபகம் வந்தது. இங்கே டப்ளினிலும் விடாமல் நடப்பதுதான். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு ஏர்போர்ட் வழியிலிருந்து திரும்பினால் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு புதிதாகக் கிளம்ப வேண்டும். முதலில் கிளம்பியது கணக்கில் சேராது. அவள் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள்.

"ஒண்ண மறந்துட்டு வந்துட்டோமுங்க அண்ணா. நாம கெளம்புனது செல்லாது. எல்லாரும் சித்த உக்காருங்க, தண்ணி குடிங்க. மறுபடி கெளம்பலாம்."

"என்னத்த மறந்தோம்?"

"கேக்க மறந்துட்டோம். போன வருஷம் நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லல. அப்புறம் நானும் கேக்கறத விட்டுட்டேன். அது என்ர தப்பு."

முதலில் உட்கார்ந்தது காமாக்ஷி அக்கா. பனியில் பொத்தென்று உட்கார்ந்து, கையை நீட்டி பிளாஸ்க்கை வாங்கி, ஒரு வாய் குடித்தார். பிறகு யாரையும் பார்க்காமல், அந்தக் கேள்வியை அவரே கேட்டார். கொல்லும் என்ற சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டார்.

"இன்னைக்கு நமக்கு எதனால கெடுதல் வரும்?"

பிளாஸ்க் கைமாறியது. ஜெயபிரகாஷ் அந்தச் சரிவைக் கை காட்டினார். சுவாமிநாதன், விரிசலைப் பார்த்ததிலிருந்தே தனக்கு மனசு சரியில்லை என்றார். அவர் மனைவி அழுதே விட்டார், வரும்போதே பிடிக்கவில்லையாம். மச்சான் தலையை ஆட்டினார். வான்மதி வழக்கம்போல் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"ஐ டோன்ட் வான்ட் டு கோ அப் தேர், அங்கிள்."

பன்னிரண்டு வயதுப் பெண் அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல்முறை. கோபாலசாமி கடைசியாக வாங்கிக் குடித்தார். பிளாஸ்க்கை மூடிக் கொடுத்தார். பதில் எதுவும் சொல்லவில்லை. எழுந்து, வந்த வழியைப் பார்த்துத் திரும்பினார்.

மரங்களுக்கு நடுவே சாய்வு குறைந்த ஒரு மேட்டுக்கு வசந்தாமணி அவர்களைக் கூட்டிப்போனாள். புளியோதரையை அங்கே சாப்பிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சரிவு மடமடவென்று இடிந்து விழுந்து அவள் மானத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். கதை என்றால் விழுந்திருக்கும். நடந்தது வேறு. பனிச்சறுக்குப் பலகைகளோடு இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் வந்தார்கள், அதே சரிவில் ஏறினார்கள், அடுப்புக்கல்லில் நின்று போட்டோ எடுத்தார்கள், வளைந்து வளைந்து சறுக்கி இறங்கிப் போனார்கள். ஒரு பொடி பனிகூட நகரவில்லை. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாமிநாதன் அவளைப் பார்க்காமல் டிபன் டப்பாவைச் சுரண்டினார்.

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் குன்றிப்போயிருப்பார்கள். அவளுக்கும் வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் பதினான்கு வருஷ டெஸ்டிங் வேலையில் அவள் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஓட்டை இருக்கிற புரோகிராம் நூறு தடவை ஒழுங்காக ஓடும். அதனால் ஓட்டை இல்லையென்று ஆகிவிடுமா? நாளைக்கே இதே குழியை வெட்டினாலும் இதையேதான் சொல்லுவேன் என்று கணவரிடம் காரில் சொன்னாள். டப்ளின் வரும்வரை ஜெயபிரகாஷ் அவள் கையை விடவில்லை.

கோபாலசாமி அதன்பின் பேசவில்லை. மார்ச்சில் மணிவிழாவுக்குப் போனார்கள், காலில் விழுந்தார்கள். அட்சதை போட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை நடை நின்றுபோனது. வசந்தாமணி தனியாக நடந்தாள். சொன்னது சரி என்பதில் அவளுக்கு இம்மியும் சந்தேகம் வரவில்லை. அண்ணன் போன் பண்ணவில்லையே என்ற துக்கம் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தது.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது.

"அம்மிணி, சனிக்கிழமை டயாப்ளோ போறோம். தண்ணி நீ கொண்டாறயா, நான் கொண்டாரட்டுமா?"

டயாப்ளோவில் ஏது பனி என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. பெரிய பிளாஸ்க்கையே கொண்டுபோனாள்.

பச்சைப் புல் காற்றில் அலைந்துகொண்டிருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் கோபாலசாமி எல்லாரையும் மரத்தடியில் உட்கார வைத்தார். தண்ணீரைச் சுற்றி விட்டார். பிறகு, மனைவி சொன்ன அதே சொற்களில், இன்றைக்கு நமக்கு எதனால் கெடுதல் வரும் என்று கேட்டார். சுவாமிநாதன் பாம்பு என்றார். அவர் மச்சான் வெயில் என்றார். வான்மதி, சுவாமிநாதன் அங்கிளின் ஜோக்குகள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிளாஸ்க் கடைசியில் கோபாலசாமியிடம் வந்தது. அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ர முட்டி" என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு வருஷமாகத் தேய்ந்துகொண்டு வருகிறது. மே மாதம் ஆபரேஷன். அன்றைக்கு அந்தச் சரிவின் பாதியிலேயே கால் மடங்கியிருக்கும், தூக்கிக்கொண்டுதான் இறங்கியிருக்க வேண்டும். தெரிந்தேதான் கிளம்பினார். கிளம்பும்போது கெட்டதைச் சொல்லக் கூடாதே, அதனால் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பிளாஸ்க் கைக்கு வந்தபோது சொல்ல வாயெடுத்தாராம், வரவில்லையாம்.

காமாக்ஷி அக்கா கணவரை ஒரு பார்வை பார்த்தார், அதை விவரிக்க எனக்குத் துணிவில்லை. வசந்தாமணி எழுந்துபோய் அவர் கையிலிருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தாள்.

"குடிங்க அண்ணா" என்றாள். "இன்னைக்கு உச்சிக்குப் போக வேண்டாமுங்க. கீழ்ப் பாதை போதும்."

அவர் குடித்தார். அன்றைக்கு வசந்தாமணி அவர் முட்டிக்கு ஏற்ற வேகத்தில் முன்னால் நடந்தாள், கோபாலசாமி பின்னால் வந்தார்.